சப்பாத்திக்கள்ளிப் பழச்சாறு: அடர்த்தி கூடக் கூட டிபிபிஎச் முடிவு ஏன் கீழே போகிறது?

கடைசிபெஞ்ச்_கெமிஸ்ட்ரி

முதுகலை இரண்டாம் வருடம். புராஜெக்ட், சப்பாத்திக்கள்ளிச் சாற்றின் ஆன்டிஆக்சிடென்ட் திறன். தலைப்பு நானாகத் தேடிப் பிடித்தது இல்லை, கைடு கொடுத்தது. மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

செய்தது இதுதான். நன்றாகக் கருஞ்சிவப்பாகப் பழுத்த பழத்தின் சதையை 80 சதவீத மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ரோட்டரி ஆவியாக்கியில் வற்றவைத்தேன். அதை மெத்தனாலில் கரைத்து, டிபிபிஎச் (ஆன்டிஆக்சிடென்ட் திறனைச் சோதிக்கும் ஊதா நிற வேதிப்பொருள்) சேர்த்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் ஸ்பெக்ட்ரோ (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) ரீடிங். பிளாங்க் (கருவியில் பூஜ்யம் வைக்கும் கரைசல்) வெறும் மெத்தனால். கன்ட்ரோல் (சாறு சேர்க்காத டிபிபிஎச்) 0.82.

ஒரு மில்லிக்கு 50, 100, 200, 400, 800 மைக்ரோகிராம் என்று ஐந்து அடர்த்தி. தடுப்பு சதவீதம் முறையே 21, 34, 41, 37, 10. ஏறி, நின்று, சறுக்கி விழுகிறது! ஒப்பீட்டுக்கு வைத்த அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) மட்டும் பாடப்புத்தகத்தில் இருப்பது போல அழகாக ஏறுகிறது. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் அதே கூன் விழுந்த கோடு. கைடு "சாம்பிள் கெட்டுப்போயிருக்கும், புதுசாகப் பறித்துச் செய்" என்கிறார். புதுசாகப் பறித்ததும் இதையேதான் சொல்கிறது. (பறித்ததில் விரலில் ஏறிய நுண்முள் இன்னும் இரண்டு உள்ளேயே இருக்கிறது, அது தனிக் கதை.)

இன்னொன்று. கள்ளியின் தட்டுப் பகுதியை (இலை மாதிரித் தெரியும் தட்டையான தண்டு) தண்ணீரில் எடுத்த சாற்றை டிபிபிஎச்சில் விட்டதும் குவெட்டுக்குள் (ரீடிங் எடுக்கும் சின்னக் குப்பி) மேகம் மாதிரி ஏதோ மிதக்கிறது. அதிலும் ரீடிங் தாறுமாறு.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) இன்னும் ஐந்து வாரம். எங்கே தப்பு?

மழைக்கால_நத்தை

அதிக அடர்த்தியில் ஆன்டிஆக்சிடென்டே புரோ-ஆக்சிடென்டாக (ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுவதாக) மாறும் என்று படித்திருக்கிறேன். வைட்டமின் சி-க்குக்கூட அப்படி உண்டு. அதுதான் நடக்கிறதோ? அப்படியானால் இது தப்பில்லை, கண்டுபிடிப்பு. தைரியமாக எழுதுங்கள்.

பழைய_பிப்பெட்

தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். வைவாவில் முதல் கேள்வியிலேயே படகு கவிழ்ந்துவிடும். வைட்டமின் சி புரோ-ஆக்சிடென்டாக நடந்துகொள்வது பெரும்பாலும் இரும்பு, தாமிரம் போன்ற உலோக அயனிகள் கூட இருக்கும்போது. மெத்தனாலில் டிபிபிஎச்சும் சாறும் மட்டும் இருக்கிற குவெட்டில் அந்தக் கதைக்கு இடமில்லை.

தம்பி, அந்த 800 குவெட்டைக் கையில் எடுங்கள். ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். டிபிபிஎச் ஊதா. எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ வாங்கிக்கொண்டால் வெளிர் மஞ்சள். உங்கள் குவெட் மஞ்சளாகவா இருக்கிறது? ரோஸ் நிறமாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அந்த ரோஸ் மிச்சமிருக்கிற டிபிபிஎச் இல்லை. உங்கள் பழம்.

கள்ளிப் பழத்தின் சிவப்பு பீட்டாசயனின். பீட்ரூட்டில் இருக்கும் அதே பீட்டானின்தான் இதிலும் முக்கியமானது. அதன் உச்ச உறிஞ்சல் 535 நானோமீட்டர் பக்கம். நீங்கள் அளப்பது 517. அதாவது மலையின் உச்சியில் இல்லை, ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சரிவிலேயே நிற்கிறீர்கள். 517-ல் எது ஒளியை விழுங்கினாலும் ஸ்பெக்ட்ரோவுக்கு ஒன்றுதான், இது டிபிபிஎச், இது பழச்சாயம் என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. சாறு கூடக் கூடச் சாயமும் கூடுகிறது, ரீடிங் ஏறுகிறது, தடுப்பு குறைந்த மாதிரித் தெரிகிறது. அஸ்கார்பிக் அமிலத்துக்கு நிறம் இல்லை, அதனால் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது.

ஒரு பகுப்பாய்வு ஆய்வகத்தில் 19 வருடம் குவெட் கழுவியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், நிறமுள்ள சாம்பிளுக்கு வெறும் மெத்தனால் பிளாங்க் போதாது. ஒவ்வொரு அடர்த்திக்கும் தனியாக ஒரு சாம்பிள் பிளாங்க் வேண்டும். அதே அளவு சாறு, டிபிபிஎச் கரைசலுக்குப் பதிலாக அதே அளவு மெத்தனால், அதே 30 நிமிடம், அதே இருட்டு. அந்த ரீடிங்கைச் சாம்பிள் ரீடிங்கிலிருந்து கழித்துவிட்டு அப்புறம் சதவீதம் போடுங்கள். நாளைக்கு 800-க்கு மட்டும் செய்து பாருங்கள், மீதியைப் பிறகு பேசலாம்.

கடைசிபெஞ்ச்_கெமிஸ்ட்ரி

சார், ரோஸ்தான். பந்தயத்தில் நீங்களே ஜெயித்தீர்கள். ஆரஞ்சு கலந்த ரோஸ். மூன்று வாரமாக அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் ரீடிங் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

800-க்கு மட்டும் செய்யச் சொன்னீர்கள், பொறுமை இல்லை, ஐந்துக்கும் செய்துவிட்டேன். 800-ல் டிபிபிஎச்சோடு ரீடிங் 0.74. டிபிபிஎச் இல்லாத சாம்பிள் பிளாங்க் 0.61! கழித்தால் 0.13. கன்ட்ரோல் 0.82-க்கு எதிராகப் போட்டால் 84 சதவீதம் தடுப்பு. பத்து என்று எழுதி வைத்திருந்த இடத்தில் 84.

ஐந்தும் வரிசையாக 26, 43, 60, 74, 84. கோடு இப்போது அஸ்கார்பிக் அமிலம் மாதிரியே வளைந்து ஏறுகிறது. பாதித் தடுப்புக்கான அடர்த்தி 100-க்கும் 200-க்கும் நடுவில் வருகிறது. கைடிடம் காட்டினேன். "நான்தான் சொன்னேனே, புதுச் சாம்பிள் எடு என்று" என்றார். சரி, இருக்கட்டும்.

பழைய_பிப்பெட்

சார் இல்லை, அக்கா.

கோடு அழகாகிவிட்டது என்று உடனே சந்தோஷப்படாதீர்கள், அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பீட்டானின் வெறும் சாயம் இல்லை, அதுவே ஓர் ஆன்டிஆக்சிடென்ட். டிபிபிஎச்சுக்கு எலக்ட்ரான் கொடுத்த பீட்டானின் தன் நிறத்தை இழக்கும். அப்படியானால் டிபிபிஎச் இருக்கும் குவெட்டில் 30 நிமிடம் கழித்து மிச்சமிருக்கும் சாயம், டிபிபிஎச் இல்லாத பிளாங்கில் இருப்பதை விடக் குறைவு. நீங்களோ முழு 0.61-ஐயும் கழிக்கிறீர்கள். கொஞ்சம் அதிகமாகவே கழிக்கிறீர்கள் என்று அர்த்தம். உண்மை 10-க்கும் 84-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சரியாக எங்கே என்று இந்த முறையை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

அதனால் இன்னொரு முறையில் சரிபார்த்தே ஆகவேண்டும். நான் ஏபிடிஎஸ்ஸைச் சொல்வேன், டிபிபிஎச் மாதிரியே நிறம் குறைவதை வைத்து அளக்கும் இன்னொரு சோதனை. 7 மில்லிமோலார் ஏபிடிஎஸ், 2.45 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்சல்ஃபேட், இரண்டையும் கலந்து இருட்டில் 12 முதல் 16 மணி நேரம். நீலப்பச்சையாக வரும். அதை 734 நானோமீட்டரில் 0.70 வரும்வரை நீர்க்கச் செய்து பயன்படுத்துவது. 1999-ல் வெளியான முறை, இன்றும் அப்படியே ஓடுகிறது. இதில் உங்களுக்கு லாபம் அந்த 734. அங்கே பீட்டாசயனினுக்கும் வேலையில்லை, பழத்தின் மஞ்சள் சாயமான பீட்டாசாந்தினுக்கும் வேலையில்லை. சாயம் எவ்வளவு இருந்தாலும் ஸ்பெக்ட்ரோவின் கண்ணில் படாது.

இரண்டு முறையிலும் எண் ஒன்றாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், வராது. வரிசை ஒத்துப்போகிறதா, எந்தச் சாறு எதை விடப் பலமானது என்று இரண்டும் ஒரே மாதிரிச் சொல்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

அப்புறம் அந்த மேகம். அது கோழைப் பசை, கள்ளித் தட்டின் மியூசிலேஜ். நீண்ட சங்கிலிச் சர்க்கரை, தண்ணீரில் கரையும், ஆல்கஹாலைக் கண்டால் திரண்டுவிடும். தண்ணீரில் எடுத்த சாற்றை மெத்தனாலில் இருக்கும் டிபிபிஎச்சில் ஊற்றினால் குவெட்டுக்குள்ளேயே திரளாமல் என்ன செய்யும்? ஒளி சிதறுகிறது, ஸ்பெக்ட்ரோ அதையும் உறிஞ்சல் கணக்கில் எழுதிக்கொள்கிறது. சந்தேகமாக இருந்தால் அதே குவெட்டை 700-ல் ஒரு தடவை பாருங்கள். அங்கே டிபிபிஎச்சும் உறிஞ்சாது, சாயமும் உறிஞ்சாது. ஆகவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் அளப்பது கலங்கலைத்தான்.

வழி ஒன்றும் பெரிதில்லை. குவெட்டுக்குள் திரளப்போவதை வெளியிலேயே திரளவிடுங்கள். தண்ணீர்ச் சாற்றில் மூன்று மடங்கு மெத்தனால் விட்டு ஓர் இரவு குளிரில் வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். பசையோடு கொஞ்சம் பீனாலும் (சாற்றில் இருக்கும் ஒருவகை ஆன்டிஆக்சிடென்ட் பொருட்கள்) மாட்டிக்கொண்டு போகும், அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் தட்டையும் ஆரம்பத்திலேயே காயவைத்துப் பொடித்து 80 சதவீத மெத்தனாலில் எடுத்துவிடுங்கள். தட்டில் உங்களுக்கு வேண்டியது சாயம் இல்லை. ஐசோராம்னெட்டின், குவெர்சிட்டின், கெம்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகளும் பிஸிடிக் அமிலம் மாதிரியான பீனால் அமிலங்களும்தான். அவை மெத்தனாலுக்கு நன்றாகவே இறங்கி வரும்.

தட்டை எப்போது வெட்டினீர்கள் என்ற நேரத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள். கள்ளி இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கிற செடி. விடியற்காலையில் வெட்டிய தட்டு புளிக்கும், சாயங்காலம் வெட்டியது அவ்வளவு புளிக்காது. காலைத் தட்டையும் மாலைத் தட்டையும் கலந்து ஒரே சாம்பிள் என்று வைத்தால் அமிலத்தன்மை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒரு தடவை நானே அப்படிக் கலந்துவிட்டு இரண்டு நாள் பிஹெச் மீட்டரைத் திட்டியிருக்கிறேன். பாவம் அது.

வேலியோரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வேதியியல் இல்லை, தாவரவியல். சப்பாத்திக்கள்ளி என்று சொன்னதால் சரி. ஆனால் ஆய்வேட்டில் எங்காவது வெறும் "கள்ளி" என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். தமிழில் கள்ளி என்ற ஒரே சொல் இரண்டு குடும்பங்களைச் சுமக்கிறது. சப்பாத்திக்கள்ளி ஓபன்ஷியா, உண்மையான கேக்டஸ். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூஃபோர்பியா, ஆமணக்கின் உறவுக்காரர்கள். வெட்டினால் வெள்ளைப் பால் பீறிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்தச் சாற்றை எடுத்து "கேக்டஸ் சாறு" என்று கட்டுரை எழுதினவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பாலை மட்டும் நம்பவும் கூடாது, மாமில்லேரியாவில் சில இனங்களுக்கும் பால் உண்டு. முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கேக்டஸில் முள்ளுக்குக் கீழே பஞ்சு வைத்த மாதிரி ஒரு சின்னத் திட்டு இருக்கும், ஏரியோல் என்பார்கள். யூஃபோர்பியாவில் அது கிடையாது. ஓபன்ஷியாவில் அந்தத் திட்டிலேயே நுண்முள்ளும் கொத்தாக இருக்கும். உங்கள் விரலில் இருப்பது அதுதான், நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் கொண்டது. பிடுங்க முயன்றால் முறியும். பசை தடவி, காயவிட்டு, உரித்து எடுங்கள்.

ஓபன்ஷியாவுக்குள்ளும் இனத்தை உறுதிசெய்து ஒரு ஹெர்பேரியம் தாள் (செடியைக் காயவைத்து ஒட்டிய மாதிரி) போட்டு வையுங்கள். ஃபிகஸ்-இண்டிகா வேறு, டில்லேனியை வேறு. சாய அளவு இனத்துக்கு இனம் நிறைய மாறும்.

பழைய_பிப்பெட்

வேலியோரம் சொன்னதை அப்படியே செய்யுங்கள். சாயம் பற்றி நானும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். உங்கள் முன்னுரையில் "பழத்தின் ஆந்தோசயனின்" என்று ஒரு வரி இருக்குமே? இருந்தால் அடியுங்கள். கேக்டஸில் ஆந்தோசயனின் (பல பூ, பழங்களுக்குச் சிவப்பும் நீலமும் தரும் சாயம்) கிடையாது. பீட்டாலெயின் (பீட்டாசயனின், பீட்டாசாந்தின் இரண்டும் சேர்ந்த சாயக் குடும்பம்) செய்கிற செடி ஆந்தோசயனின் செய்யாது, இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து கண்டுபிடிக்கப்பட்டதில்லை. பார்வைக்கு ஒரே சிவப்பு என்பதால் பழைய காலத்தில் இதை நைட்ரஜன் உள்ள ஆந்தோசயனின் என்றே சொல்லி வந்தார்கள். 1960-களில் கட்டமைப்பைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் வேறு குடும்பம் என்று தெளிவாகி பீட்டாலெயின் என்ற பெயர் வந்தது.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் சாற்றில் இரண்டு குழாய் எடுத்து ஒன்றை பிஹெச் 4-லும் இன்னொன்றை 6-லும் வையுங்கள். ஆந்தோசயனின் என்றால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். பீட்டாசயனின் 3 முதல் 7 வரை அசையாது. காரம் ஏற்றினால்தான் மஞ்சளாக உடையும். சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. ரோட்டரியை 40-ல் நிறுத்தினீர்களே, அது நல்ல புத்தி.

மறந்துவிட்டேன், அஸ்கார்பிக் அமிலத்தோடு ஒப்பிட்டு "பத்து மடங்கு பலவீனம்" என்று எழுதும் முன் யோசியுங்கள். அது சுத்தமான ஒரே பொருள். உங்கள் 800 மைக்ரோகிராமில் பெரும்பங்கு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். சர்க்கரையின் எடையையும் சேர்த்து ஆன்டிஆக்சிடென்ட் கணக்கில் வைத்திருக்கிறீர்கள். மொத்த பீனாலை அளக்கும் ஃபோலின் சோதனை செய்தாலும் ஜாக்கிரதை, அது பீனாலை மட்டும் பார்க்காது, பழத்தின் வைட்டமின் சி-யையும் பீனால் என்றே எண்ணிக்கொள்ளும்.

மழைக்கால_நத்தை

புரோ-ஆக்சிடென்ட் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா. ஒரு சாமானியக் கேள்வி. குவெட்டில் 84 சதவீதம் என்றால் சாப்பிட்டாலும் அந்த அளவு வேலை செய்யுமா? கள்ளிப் பொடி கேப்ஸ்யூல் விளம்பரங்களில் ஓஆர்ஏசி (ஆன்டிஆக்சிடென்ட் திறனுக்கான ஓர் அளவீடு) எண் பெரிது பெரிதாகப் போடுகிறார்களே.

பழைய_பிப்பெட்

செய்யாது என்றும் சொல்ல மாட்டேன், அந்த 84-ஐ வைத்துச் செய்யும் என்றும் சொல்ல மாட்டேன். குவெட்டில் வயிறு இல்லை, கல்லீரல் இல்லை. ஓஆர்ஏசி விஷயத்தில் அமெரிக்க வேளாண் துறையே தன் தளத்தில் வைத்திருந்த உணவு வாரியான அட்டவணையை 2012-ல் எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விற்பவர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றே காரணமும் சொன்னது. இன்னமும் அந்த எண்ணை அட்டையில் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது.

மனிதர்களிடம் செய்த ஆய்வு இல்லாமல் இல்லை. 2004-ல் சிசிலியின் பலெர்மோ பல்கலைக்கழகக் குழு 18 ஆரோக்கியமான ஆட்களுக்கு வேளைக்கு 250 கிராம் பழச்சதை என்று ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு வாரம் கொடுத்தது. ஒப்பீட்டுக்கு அதே ஆட்களுக்கு வேறொரு சமயம் 75 மில்லிகிராம் வைட்டமின் சி, அதுவும் இரண்டு வேளை. பழம் சாப்பிட்ட காலத்தில் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றச் சேத அடையாளங்கள் குறைந்தன. வைட்டமின் சி மட்டும் எடுத்த காலத்தில் அப்படிக் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆகவே பழத்தில் வைட்டமின் தவிர வேறு ஏதோ வேலை செய்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள், ஆட்கள் 18, காலம் இரண்டு வாரம், கொடுத்தது தினம் அரைக் கிலோ பழம். கேப்ஸ்யூல் இல்லை.

அதே குழுவின் வேலையிலிருந்து எனக்குப் பிடித்த ஒரு விஷயம். பழத்தின் மஞ்சள் சாயம் இண்டிகாசாந்தின். பீட்டானினில் இருக்கும் பீனால் ஹைட்ராக்சில் அதில் இல்லை, குவெட்டில் பீட்டானின் அளவுக்குச் சுறுசுறுப்பும் இல்லை. ஆனால் உடலுக்குள் போய்ச் சேர்வதில் அது பீட்டானினைப் பல மடங்கு முந்திவிடுகிறது. டிபிபிஎச்சை மட்டும் நம்பினால் நீங்கள் தப்பான சாயத்துக்கு முதல் பரிசு கொடுத்திருப்பீர்கள்.

நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கள்ளிப் பொடியைத் தாமாக ஆரம்பிக்க வேண்டாம். தட்டுக்குச் சர்க்கரையை இறக்கும் குணம் உண்டு, மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கடைசிபெஞ்ச்_கெமிஸ்ட்ரி

அக்கா, முன்னுரையில் "ஆந்தோசயனின்" மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் அடித்துவிட்டேன். வேலியோரம், முள் ஒன்று பசையோடு வந்துவிட்டது, இன்னொன்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது.

பழைய மூன்று வார ரீடிங்கைத் தூக்கிப் போடலாம் என்று நினைத்தேன், பிறகு மனசு மாறி இரண்டு கோட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டிருக்கிறேன், கழிக்காதது ஒன்று, கழித்தது ஒன்று. கீழே அக்கா சொன்ன அந்த ஓட்டையையும் எழுதிவிட்டேன். கைடு பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டார். அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தட்டுச் சாறு மெத்தனாலோடு குளிரில் இருக்கிறது, அடியில் இப்போதே வெள்ளையாகப் படிய ஆரம்பித்துவிட்டது. ஏபிடிஎஸ் சாயங்காலம் ஆறு மணிக்குக் கலந்து அலுமினியத் தாள் சுற்றி அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது. காலை எட்டு மணிக்கு வந்து என்ன நிறம் என்று சொல்கிறேன்.